காளிகாட்டிற்கு அருகே ஒரு ஜப்பானியக் கோயில்

தமிழகத்திலிருந்து கொல்கத்தா வரும் அன்பர்களை நாம் முதலில் அழைத்துச் செல்வது காளிகாட்டிற்கே. பண்டாக்கள் வழிகாட்ட, 1809ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற கோயிலை வலம்வந்து, அன்னையின் மூன்று பெருங்கண்களைத் தரிசித்து, நகுலேசுவர பைரவரையும் வணங்கித் திரும்புகிறோம். அங்கிருந்து சிறிது தொலைவில், ரவீந்திர சரோவர் ஏரியை ஒட்டிய லேக் சாலையில், ஜப்பானியத் துறவியர் எழுப்பிய பௌத்தக் கோயில் ஒன்று உளது. அதனை நாம் எவருக்கும் காட்டுவதில்லை.

அதனை நிறுவியவர் நிசிதத்சு பூஜி (1885–1985). பாரதம் ஈந்த புத்த தருமத்தைப் பாரதத்திற்கே மீட்டளித்தல் ஜப்பானியர் கடன் எனக் கொண்டு, 1931இல் இந்நகரில் வந்திறங்கினார். கைப்பறை முழக்கி, தாமரைச் சூத்திரத்தைப் போற்றும் மந்திரத்தை ஓதியவாறு வீதிகளில் நடந்தார். 1933இல் வார்தாவில் காந்தியடிகளைக் கண்டார். அம்மந்திரம் ஆசிரமப் பிரார்த்தனையிலும் இடம்பெற்றது. 1935இல் இக்கோயில் எழுந்தது.

அவர் கருதிய கடன் யாது? 736இல் ஜப்பான் சென்ற போதிசேனர் என்னும் பாரதத் துறவி, 752இல் நாரா நகரத்துத் தோதைஜி கோயிலில் பெரும் புத்தர் படிமத்தின் கண் திறந்தார். அவர் ஏந்திய தூரிகையில் கட்டிய நீண்ட நூல்களைக் கூடியிருந்தோர் பற்றி நின்று, அப்புண்ணியத்தில் பங்கு பெற்றனர். நம் கலைமகள் அங்கே பென்சைதென் என்னும் பெயருடன் பீவா என்னும் நரம்புக்கருவியை ஏந்துகிறாள். நம் மகாகாளரோ தைகோகுதென் ஆகி, நெல்மூட்டைகள்மீது புன்முறுவலுடன் நிற்கிறார். அழிக்கும் தெய்வம் அங்கே வளம் சுரக்கும் தெய்வமாயிற்று!

போதிதருமர் காஞ்சியினின்று சென்றார் என மேடைதோறும் பெருமிதம் கொள்கிறோம். அவர் தென்னாட்டவர் என்பது பழஞ்சீன நூலொன்றின் கூற்று. பாரசீகர் எனக் கூறும் நூலும் உண்டு. காஞ்சி என்பது பின்னர் எழுந்த வழக்கு. ஐயத்திற்குரிய கொடையை ஓயாது பேசும் நாம், ஐயமற வந்து சேர்ந்த வரவைக் கண்ணெடுத்தும் பார்த்திலோம். பற்றை மட்டும் எழுதி வரவை எழுதாத பேரேடு நேரிய கணக்காகுமா?

ஆதலின், அடுத்த முறை ஊரிலிருந்து உறவினர் வருங்கால், காளிகாட்டில் அன்னையை வணங்கியபின் ஏரிக்கரைக்கும் அவர்களை அழைத்துச் செல்வோம். அயல்நாட்டார் நன்றியுடன் நம் வாயிலில் எழுப்பிய கோயிலைக் காணவும் நம் கண்கள் திறக்கட்டும்!