சூரியனால்கூட செய்ய முடியாத குரோமியம்

பி.காம் படிக்கிறவனுக்கு சூரியனோடு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். ஆனால் சூரியனுக்கும் ஒரு வரவு செலவுக் கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைக் கண்டுபிடித்த கதை பழைய சென்னை மாகாணத்தில் தொடங்கி, எங்கள் பாலாற்றங்கரையில் வந்து முடிகிறது.

1868 ஆகஸ்ட் 18. முழு சூரிய கிரகணம். அன்று சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு பிரான்சிலிருந்து ஜான்சென் வந்திருந்தார். மசூலிப்பட்டினத்தில் சென்னை வானாய்வு நிலையத்தின் போக்சன் காத்திருந்தார். ஒவ்வொரு தனிமத்துக்கும் அதன் ஒளியில் தனித்தனிக் கோடுகள் உண்டு, நம் கைரேகை மாதிரி. சூரிய விளிம்பில் எழுந்த பிழம்புகளின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. சோடியம் என்றே பலர் நினைத்தார்கள். அதே ஆண்டு இங்கிலாந்தில் லாக்கியர் அளந்து பார்த்தார். கோடு சோடியத்தின் இடத்தில் இல்லை! அதுதான் ஹீலியம். பூமியில் அது ராம்சேயின் கைக்குக் கிடைத்தது 1895-ல்தான்.

சரி, சூரியனில் ஹீலியம் எதற்கு? 1920-ல் ஆஸ்டன் அணுக்களின் எடையை அளந்தார். நான்கு ஹைட்ரஜன் சேர்ந்தால் 4.03. ஒரு ஹீலியம் 4.00 தான். கணக்கில் ஏறத்தாழ 0.7 சதவீதம் உதைக்கிறது. எங்கள் பாடத்தில் இப்படி வந்தால் ஐந்தொகை சேராது, மார்க் போய்விடும். எடிங்டன் அதே ஆண்டு பதில் சொன்னார்: காணாமல் போன எடைதான் வெயிலாக வருகிறது. நட்சத்திரங்களில் பெரும்பகுதி ஹைட்ரஜன்தான் என்று 1925-ல் சிசிலியா பேய்ன் காட்டினார். இணைவு எந்தப் படிகளில் நடக்கிறது என்பதை 1938, 1939-ல் பெத்தே விளக்கினார். சூரியனின் மையத்தில் வெப்பம் சுமார் ஒன்றரைக் கோடி டிகிரி. அங்கே நொடிக்கு சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் ஹீலியமாகிறது. அதில் 40 லட்சம் டன் ஆற்றலாகிவிடுகிறது.

ஆனால் சூரியனின் தொழிலுக்கும் ஓர் எல்லை உண்டு. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகள் கழித்து ஹீலியத்தை எரித்து கார்பன், ஆக்சிஜன் வரை செய்யும். அதற்கு மேல் போக அதன் எடை போதாது. கனமான தனிமங்கள் வேறு நட்சத்திரங்களில் எப்படி உண்டாகின்றன என்பதை 1957-ல் பர்பிட்ஜ் தம்பதி, ஃபௌலர், ஹாயில் நால்வரும் ஒரே கட்டுரையில் விளக்கினார்கள். குரோமியம் நட்சத்திரங்கள் வெடிக்கும்போது பிறக்கிறது.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால் காவலூர். அந்தப் பழைய சென்னை வானாய்வு நிலையத்தின் வாரிசுகள் அங்கே 1986-ல் 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்தார்கள். மலைக்கு மேலே நட்சத்திர ஆராய்ச்சி. மலைக்குக் கீழே, வாணியம்பாடி, ஆம்பூர் டேனரிகளில், நட்சத்திரங்கள் செய்த குரோமியம்!

ஒரு காலத்தில் இங்கே ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. வேலை சீக்கிரம் முடிகிறது. பல குடும்பங்களின் சோறு அதில்தான். ஆனால் பட்டை மக்கிவிடும், குரோமியம் மக்காது. சுத்திகரிப்பு நிலையம் அதைத் தண்ணீரிலிருந்து பிரித்துச் சேறாக ஒதுக்கலாம், மீட்டு மறுபடி டிரம்மில் போடலாம். அழிக்க முடியாது. ஓர் அணுவை வேறு அணுவாக்கும் வேலை ரசாயனத்தின் கையில் இல்லை. குரோமியத்தைச் செய்யும் அளவுக்கு சூரியனுக்கே சூடு போதவில்லை, நம் தொட்டிகள் எம்மாத்திரம்?

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசு செய்தவரே அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. வணிகவியல் மாணவனாக எனக்கு அது சரியான கணக்காகவே படுகிறது. சூரியன் தன் கணக்கில் 0.7 சதவீதத்தைக்கூட மறைக்கவில்லை, வெயிலாகக் காட்டிவிடுகிறது. ஆற்றில் விட்ட குரோமியத்தை மட்டும் நாம் எந்தப் பேரேட்டில் எழுதப் போகிறோம்?