களிம்பு துடைத்தவர்

அப்பாவோட கைக்கடிகாரத்தை முதல்முறை பிரிச்சப்ப ஒரு ஸ்பிரிங் துள்ளி எங்கேயோ போயிடுச்சு. முட்டிபோட்டு டார்ச் அடிச்சுத் தேடின அன்னைக்கு ராத்திரிதான் ரூபர்ட் கூல்டைப் பற்றிப் படித்தேன்.

நடுக்கடலில் தீர்க்கரேகையைக் கணக்கிட, பிசகாத கடிகாரம் வேண்டும். அதற்காகவே வாழ்நாளைச் செலவழித்தவர், ஜான் ஹாரிசன் என்ற ஆங்கிலேயத் தச்சர். அவருடைய முதல் கருவி எச்1, 1735-இல் முடிந்தது. சுமார் 34 கிலோ. 1759-இல் முடிந்த எச்4-இன் அகலம் வெறும் 13 செ.மீ.

1920-இல் கிரீனிச் வானாய்வகத்தில் கூல்ட் பார்த்தபோது, ஹாரிசனின் கருவிகள் அழுக்கேறி, களிம்பு பிடித்து நின்றுகிடந்தன. கூல்ட் கடற்படை அதிகாரி. முதல் உலகப்போர் தொடங்கிய சமயம் மனம் உடைந்து, கப்பலை விட்டு அலுவலக மேசைக்கு வந்தவர். கடிகார வேலையை யாரிடமும் முறையாகப் படித்ததில்லை. காசு வேண்டாம், சுத்தம் பண்ணித் தரேன்னு அனுமதி வாங்கினார். எச்3-இல் மட்டும் 700-க்கும் மேற்பட்ட பாகங்கள். கழற்றியதையெல்லாம் நோட்டில் வரைந்துவைத்தார். நடுவில் அவருடைய மணவாழ்க்கையே முறிந்தது, வேலை நிற்கவில்லை. 1933-இல் எச்1 மறுபடி முழுசா ஓடியது.

இன்றும் எச்1, எச்2, எச்3 ஓடுகின்றன; அவற்றுக்கு எண்ணெயே வேண்டாம். எச்4-க்கு வேண்டும். ஓடினால் தேயும் என்று அதை நிறுத்தியே வைத்திருக்கிறார்கள்.

அப்பாவோடதும் எண்ணெய் கேட்கிற ஜாதிதான். ஓட்டுறதா, நிறுத்தி வைக்கிறதா? மறுநாள் காலையில் கட்டிலுக்கடியில் ஸ்பிரிங் கிடைச்சது. ஓட்டலாம்னு முடிவு பண்ணேன்.