மறுகால் பாயும் இணையம்: மிகுதிக் கொள்ளளவைப் பகிர்வோருக்கான ஊதியம்

விருதுநகர் மாவட்டத்தின் திருச்சுழிப் பக்கம் நல்ல மழை பெய்து ஒரு கண்மாய் பெருகினால், கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கு நீர் போகும். குண்டாற்றுப் படுகையின் கண்மாய்கள் இப்படிச் சங்கிலியாகக் கோக்கப்பட்டவை. மடை திறந்து நீரைப் பங்கிட்ட நீர்ப்பாய்ச்சிக்கு, அந்த நீரால் விளைவித்தவர்களே களத்தில் நெல் அளந்தார்கள். வானம் பார்த்த பூமி கண்டுகொண்ட இந்த நெறியை இணையத்துக்கும் பொருத்திப் பார்க்கிறது இக்கட்டுரை. வீட்டிலும் கடையிலும் மிஞ்சும் இணையக் கொள்ளளவைப் பகிர்பவருக்கு ஊதியம் கிடைப்பது நியாயம். ஆனால் அந்த ஊதியம் பயன்பெற்றவர் கையிலிருந்து வரவேண்டும். வேறு எங்கிருந்து வந்தாலும் அது நிலைக்காது என்பதே என் வாதம்.

மிகுதி எது?

அருப்புக்கோட்டையில் ஒரு கடைக்காரர் நொடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இழை இணைப்பு வைத்திருப்பதாகக் கொள்வோம். தெளிவான காணொளி ஒன்று ஓடச் சுமார் 5 மெகாபிட் போதும். மற்றது பெரும்பாலான நேரம் சும்மா கிடக்கிறது. கண்மாய் நீரைப்போல இதைத் தேக்கிவைக்கவும் முடியாது. இந்த நொடியில் பயன்படாதது அந்த நொடியோடு போயிற்று.

இதில் இணைப்பு நிறுவனத்தின் தரப்பும் உண்டு. ஜிபான் எனும் இழைத் தொழில்நுட்பத்தில் நொடிக்குச் சுமார் 2.5 கிகாபிட் தரும் ஓர் இழையை 32 அல்லது 64 இணைப்புகள் பங்கிட்டுக்கொள்கின்றன. எல்லோரும் ஒரே நேரத்தில் முழுவேகம் எடுக்கமாட்டார்கள் என்ற கணக்கில்தான் வீட்டுக் கட்டணம் இவ்வளவு குறைகிறது. ஆகவே மிகுதியை விற்பவர் நிறுவனத்துக்கும் ஓரளவு கூடுதலாகத் தரவேண்டும். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

டோக்கன் வழி

மிகுதியைப் பகிர்வோருக்கு ஊதியம் தரும் முயற்சிகளில் உலக அளவில் பெரிதும் பேசப்பட்டது ஹீலியம். 2019இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த வலையமைப்பு, வீட்டில் சிறு வானலைக் கருவி வைத்தவர்களுக்குப் பிளாக்செயினில் பதிவாகும் டோக்கன்களை வழங்கியது. லட்சக்கணக்கானோர் கருவி வாங்கினார்கள். ஆனால் ஊதியத்தின் பெரும்பங்கு புதிதாக வெளியிடப்பட்ட டோக்கன்களிலிருந்து வந்தது. தரவைப் பயன்படுத்தியவர்கள் செலுத்திய பணம் அதன் அருகில் மிகச் சிறியது. 2021 நவம்பரில் 50 டாலரைத் தாண்டிய டோக்கன் அடுத்த ஆண்டிலேயே அம்மதிப்பின் பெரும்பகுதியை இழந்தது. நீர் பாயாத வயலின் பெயரால் அளந்த நெல் அது. இந்தியாவில் இத்தகைய டோக்கனை விற்றுப் பெறும் ஆதாயத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 விழுக்காடு வரியும் உண்டு.

இன்னொரு வகை மேலும் கவலை தருகிறது. சில செயலிகள் நம் இணைப்பை யாரென்று தெரியாத வெளியாருக்கு வாடகைக்கு விடுகின்றன. அவர்களின் இணையப் போக்குவரத்து நம் வீட்டு முகவரியிலிருந்து புறப்படுகிறது. 2008இல் அகமதாபாத் குண்டுவெடிப்பையொட்டி அனுப்பப்பட்ட மின்னஞ்சல் நவி மும்பையில் ஒரு வீட்டின் பாதுகாப்பற்ற வைஃபை வழியே சென்றது; விசாரணை முதலில் அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டியது. பயன்படுத்துபவர் யாரென்று பதிவாகாத பகிர்வில், கொடுத்தவரே பொறுப்பாளியாகும் ஆபத்து இருக்கிறது.

வாணி வழி

நம் நாட்டில் சட்டத்துக்கு உட்பட்ட பகிர்வுமுறை ஒன்று ஏற்கெனவே உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017இல் பரிந்துரைத்து, 2020 டிசம்பர் 9 அன்று ஒன்றிய அமைச்சரவை ஏற்ற பி.எம்-வாணி எனும் பொது வைஃபைத் திட்டம் அது. தேநீர்க் கடையோ மளிகைக் கடையோ உரிமமும் பதிவும் கட்டணமும் இல்லாமல் பொதுத் தரவு அலுவலகம், அதாவது பி.டி.ஓ., ஆகலாம். பல கடைகளின் கணக்கைத் தொகுப்பவர் ஒருவர். பயனரைப் பதிவுசெய்யும் செயலியை நடத்துபவர் இன்னொருவர். மையப் பதிவேடு அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு நிறுவனமான சி-டாட் வசம். மஞ்சள் நிற எஸ்.டி.டி. பூத் காலத்துப் பி.சி.ஓ.வின் வழித்தோன்றல் என்று இதைச் சொல்லலாம். டிராயின் 2017 முன்னோட்டத்தில் 2 ரூபாயிலிருந்து 20 ரூபாய் வரையான சிறு தரவுச் சீட்டுகளே பேசப்பட்டன.

ஆனாலும் 2022க்குள் 1 கோடி பொது வைஃபை மையங்கள் என்ற 2018 தேசிய எண்ணிமத் தொடர்புக் கொள்கையின் இலக்கு எட்டாக்கனியாயிற்று. முதன்மைக் காரணம் கொள்முதல் விலை. சாதாரண இழை இணைப்பு கேட்ட கடைக்காரரிடம், அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள தனிக் குத்தகை இணைப்பை எடுக்கச் சொல்லின இணைப்பு நிறுவனங்கள். 2025 ஜூனில் டிராய் இதைத் திருத்தியது: 200 மெகாபிட் வரையான வீட்டு இழைத் திட்டங்களைச் சில்லறைக் கட்டணத்தின் இரு மடங்குக்கு மிகாமல் பி.டி.ஓ.க்களுக்குத் தரவேண்டும். நிறுவனத்தின் நியாயத்தையும் கடைக்காரரின் பிழைப்பையும் ஒருங்கே மதித்த அளவுகோல் இது.

ஒரு மறுப்பு

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் கைப்பேசித் தரவே மலிந்துவிட்டது, கடை வைஃபையை யார் காசு கொடுத்து வாங்குவார் என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். நாள் வரம்பு தீர்ந்த மாணவிக்கும், ஒரே கைப்பேசியில் குடும்பமே பார்க்கும் நெசவாளர் வீட்டுக்கும், இணைய வகுப்பின் காணொளியைப் பதிவிறக்க நினைப்பவருக்கும் 5 ரூபாய்ச் சீட்டு உதவும். இதில் வரும் வருமானம் சிறிதாகவே இருக்கும். கடைக்காரருக்கு அது முழுப் பிழைப்பாகாது, இணைப்புக் கட்டணத்தை ஈடுகட்டிக் கொஞ்சம் மிஞ்சும் துணை வருமானம்தான். மாதம் ஆயிரங்கள் கொட்டும் என்று ஆசைகாட்டுபவர் நம் ஊர்க்காரரை ஏமாற்றுகிறார்.

கணக்கு யார் கையில்?

ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2004 முதல் வளர்ந்த குய்ஃபி.நெட் மக்களின் பொது வலையமைப்பு. அதில் தொழில்செய்யும் நிறுவனங்கள் போட்ட முதலையும் எடுத்த பயனையும் ஒப்பிட்டுத் தங்களுக்குள் ஈடுசெய்துகொள்கின்றன. அந்த நம்பிக்கைக்கு அடிப்படை எல்லோரும் பார்க்கக்கூடிய கணக்கு. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி ஊராட்சி ஒன்றியங்களில் மகளிர் குழுக் கூட்டமைப்புகள் பல பி.டி.ஓ.க்களைச் சேர்த்து நடத்தினால், தொகுப்பாளர் நிறுவனத்தோடு பேரம் பேசும் வலு கிடைக்கும். எத்தனை சீட்டு விற்றது, எவ்வளவு தரவு ஓடியது, பங்கு எவ்வளவு என்பது கடைக்காரரின் கைப்பேசியில் தமிழில் அன்றன்றே தெரியவேண்டும்; தொகுப்பாளருக்கு இதை விதியாகவே வைக்கவேண்டும்.

நீர்ப்பாய்ச்சி மடை திறந்ததை ஊரே பார்த்தது. அதனால்தான் களத்தில் அவருக்கு நெல் அளந்தபோது யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. இணையத்தின் மறுகாலுக்கும் அந்தப் பார்வை வேண்டும்.