செஞ்சிக் கோட்டையும் சிறுகடம்பூர்க் குன்றும்

செஞ்சிக்குச் செல்வோர் கண்ணில் முதலில் படுவன இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளும் அவற்றை இணைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் வளைந்து கிடக்கும் மதிலுமே. 1200-ஆம் ஆண்டளவில் ஆனந்தக் கோன் இட்ட அடிப்படை என மரபு கூறும் இக்கோட்டை, பின்னர் விஜயநகரத்தார்க்கும் நாயக்கர்க்கும் உரியதாயிற்று. 1649-இல் பீஜப்பூர்ச் சுல்தானும், 1677-இல் சிவாஜியும், நெடிய முற்றுகைக்குப் பின் 1698-இல் முகலாயரும், 1750-இல் பிரெஞ்சுக்காரரும், 1761-இல் ஆங்கிலேயரும் இதனைக் கைக்கொண்டனர். 2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இஃது இடம்பெற்றது. அதன்பின் காண வருவோர் தொகை பெருகியிருப்பதில் வியப்பில்லை.

அவருள் சிறுகடம்பூர் வரை நடந்து செல்வோர் மிகச் சிலரே. செஞ்சி நகரை ஒட்டிய அச்சிற்றூரில் திருநாதர்குன்று உள்ளது. குன்றின் மேலுள்ள பெரும் பாறையொன்றில் தீர்த்தங்கரர் இருபத்து நால்வரும் மேல்வரிசையில் பன்னிருவர், கீழ்வரிசையில் பன்னிருவராக அமர்ந்த கோலத்தில் செதுக்கப்பட்டுள்ளனர். அங்கேயே ஆசிரியர் சந்திரநந்தி என்பார் 57 நாள் அனசனம் நோற்று உயிர் நீத்த செய்தியைக் கூறும் நிசீதிகைக் கல்வெட்டு இருக்கின்றது. தமிழ் பிராமி எழுத்து வட்டெழுத்தாக உருமாறி வந்த காலத்தது அது, கி.பி. 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டினது என்பர் கல்வெட்டறிஞர். கோட்டையின் முதற்கல் வைக்கப்படுவதற்கு ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே இக்குன்றில் அறவோர் வாழ்ந்தனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. காலத்தாற் பிற்பட்ட மற்றொரு கல்வெட்டு, இளையபடாரர் என்பார் 30 நாள் அனசனம் நோற்றதைக் குறிக்கின்றது.

இவ்விரு கல்வெட்டுகளிலும் அரசன் பெயரோ கொடைக் கணக்கோ முதன்மை பெறவில்லை. நோற்றவர் பெயரும் நோற்ற நாட்களின் எண்ணுமே செய்தி. சல்லேகனையைத் தற்கொலையோடு ஒப்ப வைத்து 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் தடை விதித்ததும், அம்மாத இறுதியிலேயே உச்சநீதிமன்றம் அத்தடையை நிறுத்தி வைத்ததும் பலர்க்கு நினைவிருக்கும். வட நாட்டு வழக்கமொன்றைப் பற்றிய வழக்காகவே அன்று தமிழ் நாளேடுகள் அதனைக் கருதின. தமிழகத்துப் பாறையில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக அந்நோன்பு பதிவாகி நிற்பதை எடுத்துக் காட்டியோர் அரியர்.

கோட்டைக்கும் ஜைனர்க்கும் உள்ள தொடர்பு இவ்வளவோடு முடியவில்லை. அது கசப்பான தொடர்பும் ஆகும். கர்னல் மெக்கன்சி தொகுப்பித்த சுவடிகளிலும் ஊர்தோறும் முதியோர் வாய்மொழியிலும் வரும் செய்தி இது: செஞ்சி நாயக்கன் வேங்கடப்பன் உயர்குடியினர் ஒவ்வொருவரிடமிருந்தும் பெண் கேட்டான். ஜைனர் இசைவது போல இசைந்து, மணநாளன்று குறித்த வீட்டில் ஒரு நாயைக் கட்டி வைத்துவிட்டு அகன்றனர். சினமுற்ற நாயக்கன் கண்ட ஜைனரை எல்லாம் சிரச்சேதம் செய்ய ஆணையிட்டான். பலர் மாண்டனர்; சிலர் நாடு விட்டகன்றனர்; எஞ்சியோர் நெற்றியில் நீறு பூசித் தம்மை மறைத்து வாழ்ந்தனர். நீறுபூசி நயினார் என்னும் பெயர் அவ்வாறு வந்ததேயாம்.

சுவடி கூறும் ஆண்டு 1478. செஞ்சியில் நாயக்கர் ஆட்சி நிலைபெற்றதோ கிருஷ்ணதேவராயர் காலத்தில், அதாவது 1509-க்குப் பின்னர். ஆகவே ஆண்டோ பெயரோ எங்கோ பிறழ்ந்திருத்தல் வேண்டும். நாயைக் கட்டி வைத்த கதையும் பிற இடங்களில் பிற குடிகளைப் பற்றி வழங்குவதே. எனினும் நீறுபூசி நயினார் என்ற பெயரைக் கதை என்று தள்ளிவிட இயலாது. காரணமின்றி ஒரு கூட்டத்தார் தம் சமயத்தை மறைத்த பெயரைத் தாமே சுமப்பரோ?

அக்காலத்தில் திண்டிவனத்தை அடுத்த வேலூரில் ஒருவர் குளக்கரையில் ஜைன முறைப்படி மாலைக் கடனை ஆற்றிக்கொண்டிருந்தபோது பிடிபட்டார். செஞ்சிக்குக் கொண்டு செல்லப்பட்ட அன்று நாயக்கனுக்கு மகவு பிறந்திருந்தமையால் உயிர் தப்பினார். அவரே சிரவணபெளகொளம் சென்று துறவு பூண்டு வீரசேனாசாரியர் ஆனார். தாயனூர்க் காங்கேய உடையார் உடையார்பாளையத்துத் தலைவரிடம் அடைக்கலம் புகுந்திருந்து, கொடுமை தணிந்தபின் சிரவணபெளகொளம் சென்று ஆசாரியரை அழைத்து வந்து, நீறு பூசியவர்களை மீண்டும் நெறிக்குள் கொணர்ந்தார். சமூகக் கூட்டங்களில் தாயனூர் உடையார் குடும்பத்து மூத்தவர்க்கு முதல் தாம்பூலம் வழங்கும் வழக்கம் இதன் நன்றிக்கடனாகும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட நூல்களிலும் அவ்வழக்கம் குறிக்கப்பட்டுள்ளது.

செஞ்சிக்குக் கிழக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மேல்சித்தாமூர், இன்று தமிழ் ஜைனரின் மடத்தலைமை விளங்கும் ஊர். காஞ்சியிலிருந்து பெயர்ந்து வந்த ஜினகாஞ்சி மடமும், ஏழுநிலைக் கோபுரத்துடன் பார்சுவநாதர் ஜினாலயமும் இங்குள்ளன. மலைநாதர் கோயிற் பாறையிற் பாகுபலியும் பார்சுவநாதரும் தர்மதேவியும் 9-ஆம் நூற்றாண்டுச் சிற்பங்களாகக் காட்சி தருகின்றனர். கோயில் முன்னுள்ள ஒற்றைக்கல் தூண் செஞ்சி வேங்கடரமணர் கோயிலிலிருந்து கொண்டுவரப்பட்டது என்று சொல்வர். அக்கோயில் நாயக்கர் காலத்தது. செஞ்சியின் வேறு சில தூண்களைப் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குக் கொண்டு சென்றனர். கடற்கரைக் காந்தி சிலையைச் சூழ நிற்பவை அவையே.

அத்தூண்கள் சென்ற திசையிலேயே செஞ்சியின் நீரும் செல்கின்றது. செஞ்சி மலைகளில் தோன்றும் சங்கராபரணி, வராகநதி எனவும் செஞ்சியாறு எனவும் பெயர் பெற்று, தொண்டியாற்றையும் சேர்த்துக்கொண்டு வீடூரை அடைகின்றது. மழை பொய்த்தால் வெறும் மணற்பரப்பே. வடகிழக்குப் பருவத்தில் கரை கொள்ளாது. 1950-களின் இறுதியில் கட்டப்பட்ட வீடூர் அணையின் முழு உயரம் 32 அடி. அந்நீர் தமிழகத்தில் 2,200 ஏக்கருக்கும் புதுச்சேரியில் 1,000 ஏக்கருக்கும் பாய்கின்றது. வீடூரும் நயினார் குடும்பங்களின் ஊரே. ஆதிநாதர் ஜினாலயத்தைத் தரிசித்தபின் அணைக்கரை வரை சென்று வரலாம். சிறுகடம்பூர்க் குன்றேற நினைப்போர் வெயில் ஏறுமுன் அதனை முடித்துக்கொண்டு புறப்படுதல் நன்று.