ரியோ கிராண்டே கரையின் பெருந்திறன் வானொலிகள்

வட அமெரிக்காவில் வானொலி பரவத் தொடங்கிய 1920களில், மத்திய அலை ஒலிபரப்புக்கு உகந்த அலைவரிசைகளை அமெரிக்காவும் கனடாவும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டன. மெக்சிகோவுக்கென்று எதுவும் ஒதுக்கப்படவில்லை. பங்கு மறுக்கப்பட்ட மெக்சிகோ, எந்த உடன்பாட்டுக்கும் கட்டுப்படாத நிலையில், அண்டை நாட்டுச் சட்டம் அனுமதிக்காத அளவு மின்திறனுடன் இயங்குவதற்குத் தன் வட எல்லையோர நிலையங்களுக்கு உரிமம் வழங்கியது. எக்ஸ் என்னும் எழுத்தில் தொடங்கும் பெயர்களைக் கொண்ட அந்நிலையங்கள் மெக்சிகோ மண்ணிலிருந்து பெரும்பாலும் ஆங்கிலத்தில், அமெரிக்க நேயர்களுக்காகவே ஒலிபரப்பின.

அவற்றுள் பெயர்பெற்றதை நிறுவியவர் ஜான் ஆர். பிரிங்க்லி. ஆட்டுக்கடாவின் விதைச்சுரப்பியை ஆண்களின் உடலில் பொருத்தினால் இழந்த ஆண்மை மீளும் என்று கூறி, கான்சஸ் மாநிலத்தின் மில்ஃபோர்டு என்ற சிற்றூரில் அறுவை செய்துவந்த இவர், அங்கேயே ஒரு வானொலி நிலையத்தையும் நடத்தினார். நோயாளிகள் எழுதிய கடிதங்களை ஒலிவாங்கியின் முன் வாசித்து, மருந்தின் பெயரைச் சொல்லாமல் அதன் எண்ணை மட்டும் அறிவிப்பார். அந்த எண்ணுக்குரிய மருந்து அவருடன் உடன்பாடு கொண்ட மருந்துக்கடைகளில் மட்டுமே கிடைக்கும், விற்பனையில் ஒரு பங்கு அவரைச் சேரும். நோயாளியைப் பார்க்காமலேயே நடந்த இந்த வைத்தியத்தின் விளைவாக, 1930இல் அவருடைய மருத்துவ உரிமமும் வானொலி உரிமமும் பறிபோயின. அடுத்த ஆண்டே, டெக்சாஸின் டெல் ரியோ நகருக்கு ரியோ கிராண்டே ஆற்றின் எதிர்க்கரையில், மெக்சிகோவின் வில்யா அகூன்யாவில் எக்ஸ்.இ.ஆர். நிலையத்தை அவர் தொடங்கினார். பின்னர் எக்ஸ்.இ.ஆர்.ஏ. என்ற பெயருடன் 500 கிலோவாட் திறனுக்கு அது உயர்ந்தபோது, அமெரிக்க நிலையங்களுக்கான உச்சவரம்பு, சோதனைக்காக விலக்களிக்கப்பட்ட ஒரு நிலையம் நீங்கலாக, 50 கிலோவாட்டாகவே இருந்தது.

மின்திறனோடு இரவும் இந்நிலையங்களுக்குத் துணைநின்றது. மத்திய அலை, பகலில் தரையை ஒட்டியே செல்கிறது; மேல்நோக்கிச் செல்லும் பகுதியை அயனி மண்டலத்தின் கீழடுக்கு உறிஞ்சிவிடுகிறது. அயனி மண்டலம் என்பது கதிரவனின் கதிர்களால் மின்னேற்றம் பெற்ற உயர்வளிப் பகுதி. கதிரவன் மறைந்ததும் அதன் கீழடுக்கு கலைந்துவிட, மேலடுக்கில் பட்டுத் திரும்பும் அலை பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் தரையிறங்குகிறது. வடக்கு நோக்கி அலையைக் குவிக்கும் ஒலிபரப்புக் கோபுரங்களும் சேர்ந்துகொண்டதால், எல்லையில் பேசிய குரல் கனடா வரை கேட்டது. முள்வேலிக் கம்பிகளில்கூட ஒலிபரப்பு கேட்டது என்று எல்லைப்புற மக்கள் சொல்லிவந்த கதைகள், அந்த வலிமை அவர்களிடம் ஏற்படுத்திய வியப்பின் அளவைக் காட்டுகின்றன.

அமெரிக்க மண்ணிலுள்ள அரங்கிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியே நிகழ்ச்சியை எல்லைதாண்டி அனுப்பி, மீண்டும் அமெரிக்காவிலேயே கேட்கச் செய்யும் முறைக்கு 1934ஆம் ஆண்டின் தகவல்தொடர்புச் சட்டம் முன்அனுமதியைக் கட்டாயமாக்கியது. அதன்பின், பக்கத்துக்கு ஏறத்தாழ 15 நிமிடம் ஓடும் 16 அங்குல ஒலித்தட்டுகளில் நிகழ்ச்சிகள் முன்கூட்டியே பதியப்பட்டு, ஆற்றைக் கடந்து நிலையத்துக்குச் சென்றன.

வர்ஜீனியாவின் மலைப்பகுதியைச் சேர்ந்த கார்ட்டர் குடும்பத்தினரின் பாடல்களும் அவ்வாறு பயணம் செய்தவையே. 1938இல் டெல் ரியோவுக்கு வந்து எக்ஸ்.இ.ஆர்.ஏ.வில் பாடத் தொடங்கிய ஏ. பி. கார்ட்டர், சாரா, மேபெல் ஆகியோருடன் அடுத்த ஆண்டு குடும்பத்துப் பிள்ளைகளும் சேர்ந்தனர். மேபெல்லின் மகள் ஜூன் அவர்களுள் ஒருவர். ஆர்க்கன்சாஸில் பருத்தி விளைவித்த குடும்பத்துச் சிறுவனாக அக்குரல்களைக் கேட்டதைப் பாடகர் ஜானி கேஷ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1968இல் அவர் மணந்துகொண்டது அந்த ஜூன் கார்ட்டரைத்தான். இசையரங்கோ இசைத்தட்டுக் கடையோ அருகில் இல்லாத உழவர் வீடுகளில், மலைநாட்டுப் பாடல்கள் நாடு தழுவிய இசையாக வளர்வதற்கு இந்த இரவு ஒலிபரப்புகள் பெரிதும் உதவின.

1937இல் ஹவானாவில் கையெழுத்தாகி 1941இல் நடைமுறைக்கு வந்த வட அமெரிக்க ஒலிபரப்பு உடன்படிக்கை மெக்சிகோவுக்குரிய அலைவரிசைகளை அளித்தது. அந்த ஆண்டிலேயே எக்ஸ்.இ.ஆர்.ஏ. மூடப்பட்டது, அடுத்த ஆண்டு பிரிங்க்லி இறந்தார். ஆயினும் 1947இல் அதே ஊரில் எழுந்த எக்ஸ்.இ.ஆர்.எஃப்., 250 கிலோவாட் திறனுடன் மரபைத் தொடர்ந்தது. சமயப் பரப்புரையும் அஞ்சல்வழிக் கோழிக்குஞ்சு விற்பனையும் நிறைந்திருந்த அந்த அலைவரிசையில், 1960களின் தொடக்கத்தில் வுல்ஃப்மேன் ஜாக் என்ற புனைபெயருடன் ராபர்ட் ஸ்மித் தோன்றி, கறுப்பினக் கலைஞர்களின் ரிதம் அண்ட் ப்ளூஸ் இசையை இனப் பாகுபாடு நிலவிய காலத்து வெள்ளை இளைஞர்களிடமும் கொண்டுசேர்த்தார். பின்னர் பண்பலை வானொலி ஊர்தோறும் பெருகியதும் தொலைதூர மத்திய அலைக்கான தேவை குறைந்தது.

இந்நிலையங்களை நினைவுகூர்வோர் பெரும்பாலும் இசையையே நினைவுகூர்கின்றனர், அது இயல்பே. எனினும் கார்ட்டர் குடும்பத்தாரின் நிகழ்ச்சிக்குப் பொருளுதவி செய்தது பெரூனா என்னும் டானிக்கை விற்ற நிறுவனம். அவர்கள் பாடிய நிலையத்தை எழுப்பியதோ, பயனற்ற அறுவைக்கு உடலையும் பணத்தையும் ஒப்புக்கொடுத்தோரின் காசு. அந்த நோயாளிகளுள் சிலர் உயிரையும் இழந்தனர். எனவே எல்லை வானொலியின் வரலாறு, அது வளர்த்த இசையோடு அந்த இசைக்கு விலைகொடுத்த நோயாளிகளையும் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.