மூன்றாம் திங்களுக்கு முன்

பிள்ளைத்தமிழின் இலக்கணம் உரைக்கும் பாட்டியல் நூல்கள், குழந்தையின் பருவங்களை மூன்றாம் திங்களில் தொடங்கி இருபத்தோராம் திங்களில் முடிப்பது பெருவழக்கு. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என அவை அடுத்தடுத்து வரும். முனைவர் பட்ட ஆய்வின்பொருட்டு இந்நூல்களை ஆண்டுக்கணக்கில் பயின்றபோது, முதல் இரண்டு திங்கள்கள் எங்கே போயின என்னும் வினா எனக்கு எழவே இல்லை. என் தலைமகள் பிறந்து, தங்கச்சிமடத்துத் தாய்வீட்டில் ஒரே கூடத்தில் குழந்தையோடு ஐவர் படுத்த நாள்களில்தான் அது எழுந்தது.

படுக்கையறை எனத் தனியே ஒன்று இல்லாத வீடு. கூடத்தின் ஓர் ஓரத்தில் அம்மாச்சி, அவரையடுத்து அம்மா, நடுவே நானும் குழந்தையும், வாசற்படியை ஒட்டி அண்ணன். இத்தீவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகும் ஏனைய நாள்களில் நாட்டுப்படகும் கடலுக்குச் செல்வது ஏற்பாடு. அண்ணன் நாட்டுப்படகில் செல்பவர். கோழி கூவுமுன் எழவேண்டியவர். கடலில் கண் அசந்தால் நேரக்கூடியது என்ன என்பதைக் கடற்கரையூர்களில் எவருக்கும் சொல்லவேண்டியதில்லை. குழந்தையோ நள்ளிரவில் வீறிட்டு அழத் தொடங்கினால் பால் கொடுத்தும் தோளிற் போட்டும் அடங்காது. அழுகையைவிட, இருளில் அண்ணன் புரண்டு படுக்கும் ஓசையே என்னை மிகுதியும் வருத்தியது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன், 80 குழந்தைகள் அழுத நேரத்தை அவர்தம் தாய்மாரைக் கொண்டே நாள்தோறும் குறிக்கச்செய்து, 1962-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அதன்படி அழுகை ஆறாவது வாரத்தில் உச்சத்தை எட்டுகிறது. அவ்வாரத்தில் குழந்தை நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் அழுகிறது. பின்னர்ப் படிப்படியாகக் குறைந்து மூன்றாம் மாதத்தை ஒட்டித் தணிகிறது. இரவென்றும் பகலென்றும் பிரித்தறியும் உடலியல்பும் அக்காலத்தை ஒட்டியே அமைகிறது. பாட்டியலார் இதனை அளந்தறிந்து மூன்றாம் திங்களைத் தொடக்கமாக வைத்தனர் என்று நான் வாதிடவரவில்லை. விளைவு மட்டும் கருதத்தக்கது. ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கனாயினும் குமரகுருபரரின் மீனாட்சியாயினும், பாட்டுடைக் குழந்தை வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்கும் நாள்களைக் கடந்த பின்னரே நூலுக்குள் நுழைகிறது.

இப்பொது வழக்குக்கு மாறாக ஒரு தாயின் களைப்பைத் தமிழில் முதலில் பதிவு செய்தவர் பெரியாழ்வார் என்பது என் கருத்து. தாலாட்டின் முதல் இலக்கிய வடிவமாக அவருடைய கண்ணன் தாலாட்டையே நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். ஆனால் அதற்கு முன்னரே, முதல் திருமொழியின் இறுதிப் பகுதியில் யசோதை முறையிடுகிறாள்: தொட்டிலில் இட்டால் அது கிழியும்படி உதைக்கிறான், இடுப்பில் எடுத்தால் இடுப்பை ஒடிக்கிறான், அணைத்தால் வயிற்றில் பாய்கிறான், வலுவின்றி நான் மெலிந்துபோனேன் என்று. மற்றொரு பெண்ணை விளித்து அவள் கூறும் கூற்று இது. வகுப்பில் பன்முறை நடத்திய பாடல்தான். தெய்வக் குழந்தையின் ஆற்றலைக் குறிப்பாகப் புலப்படுத்துவது என்று விளக்கி மேற்சென்றிருக்கிறேன். ஆறாவது வாரத்தில்தான் அதிலிருந்த தாயின் குரல் என் காதில் விழுந்தது. குலசேகராழ்வாரோ இன்னும் ஒருபடி சென்று, தாலாட்டும் பேறு தனக்கு வாய்க்கவில்லையே என்று புலம்பும் தேவகியை ஒரு திருமொழியில் வைத்து, அடுத்த திருமொழியிலேயே இராமனுக்குத் தாலாட்டும் பாடினார். அவ்வரிசையைப் பொருளற்றது என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

குழந்தையின் அழுகையைப் பற்றிய அச்சம் பழமையானது. ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட பாபிலோனியக் களிமண் ஏடொன்றில், குழந்தையின் அழுகுரல் வீட்டுத் தெய்வத்தின் உறக்கத்தைக் கலைத்துவிட்டதாகக் கூறி அதனை அடக்கும் மந்திரப்பாட்டு ஒன்று காணப்படுகிறது. அந்நாட்டு அத்ராகாசிசு காப்பியத்திலும் மக்களின் இரைச்சலால் உறக்கம் இழந்த என்லில் என்னும் கடவுளே பெருவெள்ளத்தை ஏவுகிறான். உறக்கம் கலைந்த ஆண்மகனைக் கண்டு பெண்கள் அஞ்சியமை அத்தெய்வக் கதைகளிலும் நிழலாடுகிறது போலும்!

அச்சம் மருந்தையும் தேடச்செய்தது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் உழைத்த தாய்மார்கள், வேலை நேரத்தில் குழந்தை உறங்கும்பொருட்டு அபின் கொடுத்த கொடுமையை, 1929-இல் அமைக்கப்பெற்று 1931-இல் அறிக்கை அளித்த விட்லி தொழிலாளர் ஆணையம் பதிவு செய்துள்ளது. நம் வீடுகளில் வசம்பு. அதற்குப் பிள்ளை வளர்ப்பான் என்றொரு பெயர். பெயர் சொல்லா மருந்து என்றும் கூறுவர். அம்மாச்சி அதனைச் சுட்டு உரைத்து நாவில் தடவவே விரும்பினார். முதல் ஆறு மாதம் தாய்ப்பாலன்றிப் பிறிதொன்றும் கூடாது என்பது மருத்துவர் கூற்றாதலின் நான் தடுத்தேன். அவருக்கு வருத்தமே. மறுநாள் பழஞ்சேலையால் விட்டத்தில் தூளி கட்டி, என்னை ஒன்றும் கேளாமல் பாடத் தொடங்கினார்.

நாட்டுப்புறத் தாலாட்டுகளின் பொதுவமைப்பு இவ்வவையினர் அறிந்ததே. நா. வானமாமலை 1964-இல் வெளியிட்ட தமிழர் நாட்டுப்பாடல்கள் தொகுப்பைப் புரட்டினாலும் அது விளங்கும். அழும் குழந்தையிடம் அடித்தவர் யார் என்று வினவி, மாமனோ, அத்தையோ, பாட்டியோ என உறவினரை ஒவ்வொருவராக நிறுத்துவது அதன் மரபு. மாமன் கொண்டுவரும் சீர்வரிசை நீளும். பெரியாழ்வார் பாட்டில் பிரமன் பொற்றொட்டில் விடுத்தான், ஏனைய தேவரும் அணிகலன் விடுத்தனர். வீட்டுப் பாட்டில் அவ்விடத்தில் தாய்மாமன் நிற்கிறான். தாய்மாமன் உறவின் சிறப்பை இது காட்டும் என்று எழுதி என் ஆய்வேட்டில் முடித்திருந்தேன். பாட்டைக் கேட்பது யார் என்று நான் எண்ணவில்லை. இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு மாமன் என்றால் என்ன விளங்கும்? கூடத்தில் விழித்துக் கிடந்த மாமனுக்கு அது விளங்கியது. பகலில் பேசமுடியாததை இரவில், குழந்தையை முன்னிட்டுப் பெண்கள் பேசுகின்றனர். மாமியார் வீட்டில் பாடுபவள் பிறந்தவீட்டின் பெருமையை உரக்கச் சொல்வதும் இவ்வுரிமையால்தான். தூங்கவைப்பது பாட்டின் ஒரு பணி. தூங்கமுடியாதவரைச் சினங்கொள்ளாமல் காப்பது அதனினும் அரிய மற்றொரு பணி.

நாற்பதாம் நாளை ஒட்டிய ஓரிரவில் அண்ணன் எழுந்து உட்கார்ந்து, “இந்தப் பிள்ளையை வெளியே கொண்டு போங்க” என்று இரைந்துவிட்டார். நான் அழுதேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அம்மாச்சி பாட்டை நிறுத்தவுமில்லை. அடித்தவர் வரிசையில் அண்ணனின் பெயரைச் சேர்த்து, முத்தும் சங்கும் கொண்டுவரும் மாமனா உன்னை வைதான் என்னும் கருத்தமையத் தொடர்ந்து பாடினார். சிறிதுநேரம் அண்ணன் இருளில் அசையாதிருந்தார். பிறகு பாயைத் தூளியருகே இழுத்துப் போட்டுக்கொண்டு, “கயித்தை இங்க குடு அம்மாச்சி” என்று வாங்கித் தம் கால் பெருவிரலில் சுற்றிக்கொண்டு படுத்தார். படகுக்குப் புறப்படும் வேளைவரை தூளி ஆடிக்கொண்டிருந்தது.