மஞ்சக்குப்பம் கோர்ட்டில் வள்ளலார் என்ன சொன்னார்?

கடலூர்ப் பக்கம் இந்தக் கதை தெரியாதவங்க குறைவு. 1869. ஆறுமுக நாவலர் தொடுத்த அவதூறு வழக்குக்காக இராமலிங்க அடிகள் மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்குள் நுழைகிறார். எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள், வழக்குப் போட்ட நாவலரும்தான். அதைப் பார்த்த நீதிபதி வழக்கையே தள்ளிவிட்டாராம்.

அருமையான காட்சி, இல்லையா? ரொம்ப அருமையாக இருப்பதால்தான் எனக்குச் சந்தேகம்.

வழக்கே ஒருவர் சொன்ன வார்த்தையைப் பற்றியதுதான். 1867-இல் தொழுவூர் வேலாயுத முதலியார் திருவருட்பாவை அச்சிட்டபோது அதைத் 'திருமுறை' என்று பிரித்திருந்தார். நாவலர் தரப்புக்கு அது பொறுக்கவில்லை. சண்டை சிதம்பரம் கோயில் வரை போனது. அங்கே நடந்த கூட்டத்தில் தன்னை இழிவாகப் பேசினார்கள் என்பது நாவலரின் புகார். 'நாவலர்' என்ற பட்டத்தையே பிரித்து அடிகள் சிலேடையாகக் கிண்டல் செய்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. டேப் ரெக்கார்டர் இல்லாத காலம். கேட்டவர்களோ ஏதாவது ஒரு கட்சிக்காரர்கள்.

நாவலர் தரப்பு நூல்கள் வேறு மாதிரி சொல்கின்றன: தீட்சிதர் ஒருவருக்கு அபராதம், அடிகள், தான் பழித்துப் பேசவில்லை என்று மறுத்ததால் விடுதலை. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த விடுதலைதான். எதிராளி தண்டனை இல்லாமல் வீட்டுக்குப் போனார் என்பதை நாவலர் ஆட்களே ஒப்புக்கொள்கிறார்கள். தமக்குச் சாதகமில்லாததை ஒருவர் எழுதினால் அதைக் கொஞ்சம் நம்பலாம். அடிகள் வாயிலிருந்து வந்த வார்த்தை எது என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒத்துப்போவதில்லை. ப. சரவணன் தொகுத்த 'அருட்பா மருட்பா கண்டனத் திரட்டு' நூலில் இரு பக்கத்துப் பிரசுரங்களும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. பொறுமை இருந்தால் படிங்க. திட்டுவதில் ரெண்டு பேரும் சளைத்தவர்கள் இல்லை!

எதிரிகள் சொல்வதை மட்டும்தான் சரிபார்க்கணுமா? அதே வேலாயுத முதலியார் 1882-இல் பிரம்மஞான சபையாருக்கு ஒரு வாக்குமூலம் தந்தார். ரஷ்யாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள் என்று குரு முன்பே சொன்னாராம். அடிகள் மேட்டுக்குப்பத்தில் கதவைச் சாத்திக்கொண்டது 1874 ஜனவரி. பிளாவட்ஸ்கியும் ஆல்காட்டும் பம்பாயில் இறங்கியது 1879. எழுத்தில் வந்தது அதற்கும் மூன்று வருஷம் கழித்து, அதுவும் அவர்கள் சபையின் பத்திரிகையிலேயே. முதலியாரை நான் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்த விருந்தாளியைப் பார்த்தபின் நினைவுக்கு வரும் முன்னறிவிப்பை அடிகளின் வார்த்தையாக நான் மேற்கோள் காட்டவும் மாட்டேன்.

அடிகள் தன் கைப்பட எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அடுத்த எபிசோடில் அவற்றைப் பார்ப்போம்.